பனி ஏரியில் வால்ஐ (walleye) மீன் பிடிக்க எந்த நீளத்து ராட், எப்படிப்பட்ட கைப்பிடி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்ததும் நண்பர்களும் நண்பர்களின் நண்பர்களும் எனக்குப் போன் போட ஆரம்பித்துவிடுவார்கள். கடையில் நின்றுகொண்டு, கைக்கொரு ராடை, அதாவது தூண்டில் கம்பைப் பிடித்துக்கொண்டு, "எது வாங்க?" என்பார்கள். நான் கனடாவின் ஒண்டாரியோவில் நிப்பிசிங் ஏரிப் பக்கம் பல குளிர்காலமாக ஐஸ் மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கிறேன். வாங்கியதில் பாதி தப்பான ராட். அந்த அனுபவத்தில், அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

வால்ஐ என்பதும் பிக்கரல் என்பதும் ஒரே மீனா?

ஒரே மீன்தான். ஒண்டாரியோ, மானிடோபாக்காரர்கள் பிக்கரல் என்பார்கள், கியூபெக்கில் டோரே. எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் மினசோட்டாவில் வால்ஐ. அங்கே அதுதான் மாநில மீன். பிக்கரல் என்ற பெயரில் அசலாகவே வேறொரு மீன் குடும்பம் இருப்பதால், குழப்பம் வேண்டாமென்று இங்கே வால்ஐ என்றே எழுதுகிறேன்.

அதன் கண்ணைப் பார்த்தால் பெயர்க் காரணம் புரியும். பூனைக்கு இருப்பதுபோல விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் மற்ற மீன்கள் தடுமாறும்போது இது வேட்டையாடும். அதனால் நல்ல கடி சூரியன் இறங்கும் நேரத்தில்தான் வரும். அந்த நேரத்தில் குளிரும் ஏறும், கையுறையும் கனமாகும். கைப்பிடியைப் பற்றி நான் இவ்வளவு பேசப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐஸ் ராட் ஏன் பொம்மை மாதிரி இவ்வளவு குட்டையாக இருக்கிறது?

வீச வேண்டிய வேலை இல்லை. காலடியில் ஐஸில் துளைத்த ஓட்டை, நேராகக் கீழே இரை. கோடையில் பிடிக்கும் ஆறரை அடி ராடை எடுத்துப்போனால் அதன் நுனி ஓட்டைக்கு மேல் வரவேண்டும் என்பதற்காக நீங்கள் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார வேண்டியிருக்கும். ஓட்டையும் தெரியாது, மீன் மேலே வந்தால் எட்டிப் பிடிக்கவும் முடியாது.

சரி, வால்ஐக்கு எத்தனை அங்குலம்?

கடைகளில் 24 முதல் 42 அங்குலம் வரை கிடைக்கும். வால்ஐக்காரர்கள் பெரும்பாலும் வாங்குவது 28 முதல் 36 வரை, அதாவது சுமார் 71 முதல் 91 சென்டிமீட்டர். இந்த இடைவெளியில் எது உங்களுக்கு என்பதை நீங்கள் எங்கே, எப்படி உட்காரப் போகிறீர்கள் என்பதுதான் தீர்மானிக்கும். மீனின் அளவு அதற்கு அடுத்துத்தான்.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பெயிண்ட் வாளி ஒன்றைக் கவிழ்த்து உட்காருங்கள். பூட்ஸுக்கு ஒரு சாண் முன்னால் தரையில் ஒரு தட்டை வையுங்கள், அதுதான் ஓட்டை. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, ராடுக்குப் பதில் ஒரு ஸ்கேலையோ விளக்குமாற்றுக் குச்சியையோ பிடியுங்கள். 28 அங்குலக் குச்சியின் நுனி தட்டுக்கு மேல் வந்து நிற்கும். 36 அங்குலக் குச்சி தட்டைத் தாண்டிப் போகும். நுனியைத் தட்டுக்கு மேல் கொண்டுவர ஒன்று முழங்கையைப் பின்னால் இழுப்பீர்கள், இல்லை வாளியைத் தள்ளுவீர்கள். முழங்கையை விலாவிலிருந்து பிரித்து மூன்று மணிநேரம் வைத்திருந்தால் மறுநாள் தோள்பட்டை பேசும்.

அப்புறம் எழுந்து நின்று அதையே செய்யுங்கள். இப்போது கதை தலைகீழ். கை இடுப்பு உயரத்தில் இருக்கிறது. 28 அங்குலக் குச்சியைச் சாய்த்துப் பிடித்தாலும் நுனி தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தொங்கும். நுனிக்கும் ஓட்டைக்கும் நடுவே இருக்கும் அந்தத் தூண்டில் நரம்பைத்தான் காற்று பிடித்து ஆட்டும். ஏரி நடுவே ஓரளவு காற்றடித்தாலே போதும், கடி எது காற்று எது என்று தெரியாது. 36 அங்குலமோ 38-ஓ இருந்தால் நுனியை ஓட்டைக்குப் பக்கத்திலேயே, ஏன் தண்ணீருக்குள்ளேயே இறக்கிவிடலாம்.

ஆகவே, உட்கார்ந்து பிடிப்பவருக்கு 28 முதல் 30. திறந்த ஐஸில் ஓட்டை ஓட்டையாக நடந்து, நின்றே பிடிப்பவருக்கு 34 முதல் 38.

கூடாரத்துக்குள் நீளமான ராட் வைத்தால் என்ன கெட்டுப்போகும்?

புரட்டி மூடும் கூடாரத்தில் துணி தலைக்கு மேல் சரிவாக வரும். கடி வந்ததும் ராடை மேலே சுண்டி இழுக்க வேண்டும். சுண்டிய வேகத்தில் நுனி துணியிலோ கம்பியிலோ போய் அடிக்கும், தூண்டில் முள் பாதிதான் இறங்கியிருக்கும், மீன் உதறிவிட்டுப் போய்விடும். இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் இன்னும் மோசம். என் 36 அங்குல ராடின் நுனி ஹீட்டருக்குப் பக்கத்தில் போய் நரம்பு உருகி அறுந்தது ஒரு முறை. அறுந்த முனையில் தொங்கியது நல்ல மீன் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

நான்கு பக்கமும் குடைபோல விரியும் பெரிய கூடாரம் என்றால் 32 வரை தாராளமாக ஓடும்.

ஒரே ஒரு ராட்தான் வாங்குவேன் என்றால்?

32 அங்குலம், நடுத்தர விறைப்பு. எதிலும் முதல் மதிப்பெண் வாங்காது, எதிலும் தோற்காது. இரண்டு வாங்க முடிந்தால் 28-ம் 36-ம் வாங்குங்கள், 32-ஐ மறந்துவிடுங்கள்.

ஆழம் கூடினால் நீளமும் கூட வேண்டுமா?

ஓரளவுக்கு. நிப்பிசிங் ஆழம் குறைந்த ஏரி, சராசரி 4.5 மீட்டர்தான். அங்கே குட்டை ராட் போதும். மினசோட்டா எல்லையில் இருக்கும் லேக் ஆஃப் தி வுட்ஸ் ஏரியில் எட்டு ஒன்பது மீட்டர் ஆழத்தில் பிடிப்பது சாதாரணம். அவ்வளவு கீழே நைலான் நரம்பு ரப்பர் மாதிரி இழுபடும். ராடைச் சுண்டும்போது நுனி எவ்வளவு தூரம் மேலே போகிறதோ அதில் ஒரு பங்கை இந்த இழுவை விழுங்கிவிடும். நீளமான ராட் அதிக தூரம் சுண்டும், ஆகவே முள்ளுக்குப் போய்ச்சேரும் விசை மிஞ்சும்.

நீளத்தைக் கூட்டாமல் இதைச் சரிசெய்ய இன்னொரு வழி, இழுபடாத பின்னல் நரம்பு. ஆனால் அது தண்ணீரைக் குடித்து வெளிக்குளிரில் கம்பியாக உறைந்துவிடும். அதனால் என் வழக்கம் இது: ஹீட்டர் இருக்கும் கூடாரத்துக்குள் 28 அங்குல ராட், பின்னல் நரம்பு, அடியில் இரண்டடிக்கு ஃபுளோரோகார்பன் என்ற கண்ணுக்கு எளிதில் தெரியாத நரம்பு. வெளியே 36 அங்குல ராட், 6 பவுண்டு இழுவை தாங்கும் நைலான் நரம்பு. வெளியே நைலான் இழுபடுகிறதே என்றால், அதை ராடின் நீளம் ஈடுகட்டிவிடுகிறது.

விறைப்பு எவ்வளவு இருக்க வேண்டும்?

கடைப் பெட்டியில் லைட், மீடியம் லைட், மீடியம், மீடியம் ஹெவி என்று எழுதியிருக்கும். நான் முதல் வருடம் வாங்கியது 24 அங்குல அல்ட்ரா லைட். விலை மலிவு, கையில் பிடிக்க அழகு. அது பெர்ச் போன்ற சின்ன மீனுக்கானது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வால்ஐயின் வாய் எலும்பும் பல்லுமாகக் கெட்டியானது. நான் சுண்டச் சுண்ட ராட் கைப்பிடி வரை வளைந்ததே தவிர முள் ஏறவே இல்லை. அன்று மூன்று மீன் போயிற்று.

3.5 முதல் 7 கிராம் வரை எடையுள்ள ஸ்பூனை (கரண்டி வடிவ உலோக இரையை) ஆட்டிப் பிடிக்க மீடியம் லைட் அல்லது மீடியம், வேகமாக வளையும் நுனியோடு. அதாவது மேலே கால்பங்கு மட்டும் வளைந்து, கீழ் முக்கால் பங்கு நிமிர்ந்து நிற்க வேண்டும். மானிடோபாவில் வின்னிபெக் ஏரியின் பெரிய வால்ஐகளுக்குக் கலங்கலான தண்ணீரில் குலுங்கிச் சத்தம் போடும் கனமான இரைகளைப் போடுவார்கள். அவற்றை ஆட்டவே மீடியம் ஹெவி வேண்டும், நீளமும் 36-க்கு மேல்.

மானிடோபா போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே எதிர்முள், அதாவது நுனிக்குப் பக்கத்தில் பின்னோக்கி நிற்கும் சின்ன முள், இல்லாத தூண்டில் முள்தான் சட்டம். எதிர்முள் இல்லாவிட்டால் நரம்பு ஒரு நொடி தளர்ந்தாலும் மீன் கழன்றுவிடும். கட்டைபோல விறைத்த குட்டை ராடை விட, வளைந்து கொடுத்து நரம்பை இறுக்கமாகவே வைத்திருக்கும் நீள ராட் அங்கே பிழைக்க வைக்கும்.

கைப்பிடி என்ன பெரிய விஷயம்? எல்லாம் ஒன்றுதானே?

கடையின் சூட்டில், வெறுங்கையில் பிடித்துப் பார்க்கும்போது எல்லாம் ஒன்றுதான். மைனஸ் இருபதில், கையுறையோடு, மூன்றாவது மணிநேரத்தில் ஒன்றல்ல. நீளத்தை ஐந்து நிமிடம் யோசிக்கிறவர்கள் கைப்பிடியைப் பத்து நிமிடம் யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் கைப்பிடியின் நீளம். ஐந்து ஆறு அங்குலக் கைப்பிடி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மணிக்கட்டை மட்டும் ஆட்டி மெல்லச் சிணுக்குவதற்கு அது சுகம், கோட்டுக் கையில் மாட்டாது. எட்டு ஒன்பது அங்குலம் என்றால் பின்பகுதி முன்கைக்கு அடியில் போய்ப் படியும். பெரிய மீன் தலையை உதறும்போது அந்த ஆதாரம் மணிக்கட்டைக் காப்பாற்றும். ஆனால் பருமனான குளிர்க்கோட்டு போட்டால் அதன் கைவிளிம்பில் ஒவ்வொரு தடவையும் இடிக்கும். எனவே உங்கள் கோட்டைப் போட்டுக்கொண்டே கடைக்குப் போங்கள். கையுறையையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்தது பருமன். மெல்லிய கைப்பிடியைக் கனத்த கையுறையோடு பிடிக்க அதிகமாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் விரலில் ரத்த ஓட்டம் குறையும், விரல் சீக்கிரம் விறைக்கும். சற்றே தடித்த கைப்பிடி குளிருக்கு நல்லது.

கார்க்கா, ஃபோமா?

எனக்குக் கார்க். தொட்டால் சில்லிடாது, எடை குறைவு, ஈரமானாலும் வழுக்காது. குறை என்னவென்றால் வண்டியில் மற்ற சாமானோடு போட்டால் துண்டு துண்டாகப் பெயரும். மலிவு ராடில் ஓட்டையை மாவடைத்து மறைத்த கார்க் வரும், இரண்டு வருடத்தில் அந்த மாவு உதிர்ந்து அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும்.

ஈவிஏ ஃபோம் அடி தாங்கும், துடைத்தால் சுத்தம். மீனின் வழவழப்பு பட்டு அதன் மேல் மெல்லிய ஐஸ் படிந்தால் மட்டும் சோப்புக்கட்டி. இரண்டில் எதுவாக இருந்தாலும், நரம்பைச் சுற்றும் ரீல் உட்காரும் இடத்தில் ராடின் தண்டு கொஞ்சம் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். ஆள்காட்டி விரல் அந்தத் தண்டைத் தொட்டபடி இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் வால்ஐ பல நேரம் வெடுக்கென்று இழுக்காது. இரை திடீரென்று கனத்ததுபோல, ஈரத் துணி மாட்டியதுபோல இருக்கும். நுனியைப் பார்க்கிற கண்ணுக்கு முன்னால் விரலுக்கு அது தெரிந்துவிடும்.

சில கைப்பிடியில் ரீலை மாட்ட இடமே இல்லையே, வெறும் கார்க் உருளை. அது குறைபாடா?

குறை இல்லை. அதற்கு டென்னசி கைப்பிடி என்று பெயர். ரீலின் காலைக் கார்க் மேல் வைத்து எலக்ட்ரிக்கல் டேப்பைச் சுற்றிவிட வேண்டியதுதான். பார்க்க மெக்கானிக் கடை வேலை மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு லாபம்: விரலில் உலோகமே படாது, ரீலை முன்னும் பின்னும் நகர்த்தி எடைச் சமநிலையை நீங்களே வைத்துக்கொள்ளலாம். டேப்பைச் சூடான இடத்தில், வீட்டிலேயே சுற்றுங்கள். குளிரில் சுற்றினால் ஒட்டாது.

கார்க் மேல் இரண்டு வளையம் நகரும் வகையும் உண்டு. எனக்கு அது ஆகாது. குளிர ஆரம்பித்ததும் வளையம் தளரும், மீன் இழுக்கும்போது ரீல் ஆடும். அப்படிப்பட்ட ராட் ஏற்கெனவே இருந்தால் அதன் மேலும் டேப் சுற்றிவிடுங்கள். திருகி இறுக்கும் இருக்கை நம்பகமானது. அதன் நட்டில் சின்ன வரிகள் இருந்தால் கையுறையோடு திருகலாம்.

சமநிலை என்கிறீர்களே, எப்படிப் பார்ப்பது?

ரீலை மாட்டி, ரீல் காலுக்குச் சற்று முன்னால் ஒற்றை விரலில் ராடைக் கிடத்துங்கள். தராசு மாதிரி கிடைமட்டமாக நிற்க வேண்டும். நுனிப் பக்கம் விழுந்தால் நாள் முழுக்க உங்கள் மணிக்கட்டு அதைத் தூக்கிப்பிடிக்கும், மெல்லிய கடி தெரியாது. பின்பக்கம் கொஞ்சம் விழுந்தால் பரவாயில்லை. 28 அங்குலத்துக்கு 500 அளவு ரீல், 36-க்கு 1000 அளவு ரீல் என்று வைத்தால் பெரும்பாலும் சரியாக வரும். ராடை மட்டும் வாங்கி, ரீலைப் பிறகு ஆன்லைனில் வாங்கும் பழக்கத்தால்தான் இது தப்புகிறது.

நுனி வளையத்தில் ஐஸ் கட்டி நரம்பு ஓட மாட்டேன் என்கிறது. நீளத்தை மாற்றினால் தீருமா?

தீராது. வளையத்தின் வாயைப் பாருங்கள். கடுகு நுழையும் அளவு வளையம் பத்து நிமிடத்தில் அடைக்கும். வால்ஐ ராடுக்கு வளையம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். அடைத்தால் தட்டி உடைக்காதீர்கள், கிராஃபைட் நுனி ஐஸோடு சேர்ந்து போய்விடும். ஓட்டைத் தண்ணீரில் நுனியைச் சற்று நேரம் முக்கிவையுங்கள். காற்றை விடத் தண்ணீர் சூடு. இல்லை, விரலால் நசுக்கி எடுங்கள்.

இரண்டு ராட் போடலாமா?

ஒண்டாரியோவில் ஐஸ் மேல் பெரும்பாலான இடங்களில் ஆளுக்கு இரண்டு தூண்டில் அனுமதி. ஆனால் 60 மீட்டருக்குள் இருக்க வேண்டும், மறைப்பில்லாமல் கண்ணுக்குத் தெரியவும் வேண்டும். மினசோட்டாவிலும் குளிர்காலத்தில் இரண்டு. கிளம்புமுன் அந்த ஏரிக்குரிய விதியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ஒன்றைக் கையில் ஆட்டிக்கொண்டிருப்பது, இன்னொன்றில் உயிருள்ள சின்ன மீனைக் கோர்த்துச் சும்மா விட்டுவைப்பது. பல நேரம் ஆட்டுகிற ராட் வால்ஐயை வரவழைக்கும், சும்மா இருக்கிற ராடில் அது கடிக்கும். சும்மா விடும் ராட் வேறு சாதி: 30 முதல் 36 அங்குலம், நுனி நூடுல்ஸ் மாதிரி துவளவேண்டும், கீழ்ப்பாதி கெட்டி. துவளும் நுனியால் மீனுக்குச் சந்தேகம் வராது, இரையோடு நகர்ந்துபோகும். நீங்கள் நிதானமாக எழுந்துவந்து தூக்கலாம்.

இந்த இரண்டாவது ராடுக்கு நீளமான கைப்பிடி நல்லது, தாங்கியில் ஆழமாக உட்காரும். வாளி விளிம்பில் சாய்த்துவைக்காதீர்கள். நான் சாய்த்துவைத்து, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றத் திரும்பினேன். கார்க் ஓட்டை விளிம்பில் "டக்" என்று ஒரு தட்டு தட்டியது. திரும்பிப் பார்த்தபோது ஓட்டையில் நாலு குமிழிதான்.

உடைந்த கோடை ராடை வெட்டி ஐஸ் ராடாக்கலாமா?

ஆக்கலாம், பலர் செய்கிறார்கள். நுனிப் பாதியை எடுத்து, கார்க் வளையங்களைக் கோர்த்து ஒட்டிக் கைப்பிடி செய்துகொள்ளலாம். சும்மா விட்டுவைக்கும் ராடுக்கு இது அருமையாகப் பொருந்தும். கிராஃபைட்டை விட ஃபைபர்கிளாஸ் ராடாக இருந்தால் குளிரில் அடி தாங்கும்.

பிள்ளைகளுக்கு?

24 அல்லது 26 அங்குலம், மீடியம் லைட், குட்டைக் கைப்பிடி. ரீலோடு ஒரு கயிற்றைக் கட்டி நாற்காலியில் முடிச்சுப் போடுங்கள்.

மீன் ஓட்டை வரை வந்து தப்பிவிடுகிறது. ராடின் குற்றமா?

பாதி. ஐஸ் அரை மீட்டருக்கு மேல் கெட்டியாகும் பிப்ரவரியில் ஓட்டை ஒரு குழாய் மாதிரி. 8 அங்குல ஓட்டையில் மீன் தலையைத் திருப்பி உள்ளே நுழைய வேண்டும். அது நுழையாமல் குறுக்கே திரும்பிப் பாயும்போது நரம்பு ஐஸின் கீழ் விளிம்பில் உரசும். நீள ராட் இருந்தால் நுனியை ஓட்டைக்குள் இறக்கி நரம்பை விளிம்பிலிருந்து விலக்கிப் பிடிக்கலாம். குட்டை ராட் இருந்தால் மண்டியிட்டுக் கையையும் சேர்த்து இறக்க வேண்டும். எதுவானாலும் அந்த நேரத்தில் டிராக்கை (ரீலின் பிரேக்கை) இறுக்காதீர்கள், நரம்பு ஓடட்டும். தலை குழாய்க்குள் வந்த கணத்தில் நிறுத்தாமல் ஒரே சீராக மேலே தூக்குங்கள். நீள ராட் வைத்திருப்பவர் தூக்கிக்கொண்டே இரண்டடி பின்னால் நடந்துவிடுவார், மீன் தானாக ஐஸ் மேல் வந்து விழும்.

ஒன்பது பத்து மீட்டருக்குக் கீழிருந்து ஏற்றிய மீனுக்குக் காற்றுப்பை உப்பிவிடும். திரும்ப விட்டாலும் பிழைப்பது கஷ்டம். ஆகவே திருப்பி விடுகிற எண்ணம் இருந்தால் ஆழத்தில் பிடிக்காதீர்கள். சமையலுக்கு என்றால் கேள்வியே இல்லை. முள் குறைவான வெள்ளைச் சதை, மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி வறுத்தால் வஞ்சிரம் கேட்ட வாய் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும்.

ராடை எப்படி எடுத்துப்போவது?

ரீலைக் கழற்றாமலே உள்ளே வைக்கிற நீளப் பை கிடைக்கும். 38 அங்குல ராடுக்கு 36 அங்குலப் பை வாங்கிவிட்டு நுனியை வெளியே நீட்டிக்கொண்டு போகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். வண்டிக் கதவு சாத்தும்போது "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அன்றிலிருந்து அது 36 அங்குல ராட்.